காலை ஏழு மணிக்கு மேல பார்க் கிடையாது

ஜூன் மாசம் எங்க ஊர்ல காலைல அஞ்சேகாலுக்கெல்லாம் சூரியன் வந்துடும். அஞ்சரைக்கு பார்க்குக்குப் போனீங்கன்னா ஸ்ட்ரோலர், குட்டி சைக்கிள், ஸ்கூட்டர்னு ஒரே கூட்டமா இருக்கும், அம்மாக்காரிங்க பாதித் தூக்கத்துல காபியோட உக்காந்திருப்பாங்க, புள்ளைங்க மட்டும் ஃபுல் சார்ஜ்ல ஓடிட்டு இருக்கும். ஏழு மணிக்கு மேல ஈ காக்கா இருக்காது. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் மனுச நடமாட்டத்தப் பாக்கணும்னா சாயங்காலம் ஏழரை மணிக்கு மேலதான்.

அமெரிக்காவுல அரிசோனா ஸ்டேட்ல ஃபீனிக்ஸுக்குத் தென்கிழக்க இருக்கற சாண்ட்லர்தான் எங்க ஊரு. சிப் ஃபேக்டரி வேலைக்குன்னு வந்து செட்டில் ஆன நம்மாளுங்க இங்க நிறைய, எங்க வீட்டுக்காரரும் அதுல ஒருத்தர். பாலைவனம்னதும் ஊர்ல எல்லாரும் மணல் மேடையும் ஒட்டகத்தையும்தான் நினைச்சுக்கறாங்க. ரெண்டும் கிடையாது. வரிசையா ஒரே சாயல்ல மண் கலர் வீடுங்க, முன்னாடி புல்லுக்குப் பதிலா ஜல்லி, பச்சைத் தண்டு பாலோ வெர்டே மரம், அங்கங்க கைய விரிச்சுட்டு நிக்கற சகுவாரோ கள்ளி. ஒட்டகம் இல்லியே தவிர நெருப்புக்கோழி இருந்திருக்கு, நூறு வருசத்துக்கு முன்னாடி பொம்பளைங்க தொப்பிக்கு இறகு வேணும்னு பண்ணை போட்டு வளத்திருக்காங்க, அத ஞாபகம் வச்சு ஆஸ்ட்ரிச் ஃபெஸ்டிவல்னு இப்பவும் ஒரு திருவிழா நடக்குது. சரி, அத விடுங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா, இந்த ஊர்ல சின்னப் புள்ளைங்கள வளக்கறதுல பாதி வேலை, வெளிய போற கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் எத்தனை மணிக்கு மூடும்னு தெரிஞ்சு வச்சுக்கறதுதான். மீதி எல்லாம் எல்லா ஊர்லயும் இருக்கறதுதான், சோறு ஊட்டறது, தூங்க வைக்கறது, ரெண்டு புள்ளைங்களும் ஒரே ஸ்பூனுக்கு அடிச்சுக்கும்போது பஞ்சாயத்து பண்றது.

வெயிலப் பத்திச் சொல்லணும்னா நம்பரோடதான் சொல்லணும், இல்லன்னா யாரும் நம்ப மாட்டாங்க. 2023ல ஃபீனிக்ஸ்ல தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாம அடிச்சுது, நம்ம கணக்குல 43 செல்சியஸுக்கு மேல. அடுத்த வருசம் 2024ல தொடர்ந்து 113 நாள் 100 டிகிரிக்குக் குறையாம இருந்துச்சு. "எங்க சென்னை வெயில விடவா"ன்னு என் தங்கச்சி போன்ல சிரிப்பா, அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு, சென்னைல வெளிய வந்தா குக்கர் மூடியத் திறந்து மூஞ்சியக் காட்டின மாதிரி இருக்கும். இங்க அது இல்ல. இங்க வேர்க்கவே வேர்க்காதுன்னு தோணும், ஆனா வேர்க்குது, வேர்வை வெளிய வந்த நிமிசமே காத்து குடிச்சிடுது. அதுலதான் ஆபத்து. புள்ள சட்டை காய்ஞ்சே இருக்கும், நல்லா விளையாடிட்டே இருக்கும், திடீர்னு மூஞ்சி சிவந்து எரிச்சலாகி ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் அழும், அப்பதான் தண்ணி போதலன்னு தெரியும். தாகம் எடுக்குதான்னு கேட்டா மூணு வயசுக்காரன் இல்லன்னுதான் சொல்லுவான். அதனால கேக்கறதே இல்ல. பாட்டில நீட்டறது, குடிக்கற வரைக்கும் ஊஞ்சல ஆட்டறதில்ல, அவ்ளோதான் டீல்.

பார்க்குல இறங்கினதும் நான் முதல்ல பண்றது சறுக்கு மேல புறங்கைய வச்சுப் பாக்கறது. மேல நிழலுக்குத் துணிப் பந்தல் கட்டியிருப்பாங்க, ஆனா காலை வெயிலு சாய்வா உள்ள வந்து சறுக்கோட கீழ் நுனிய மட்டும் கொதிக்க வச்சிருக்கும், புள்ள மேல ஏறும்போது ஒண்ணும் தெரியாது, கீழ வந்து சேரும்போதுதான் தொடை சுடும். கீழ போட்டிருக்கற ரப்பர் தரை அத விட மோசம். மதியத்துல தார் ரோடு 160 டிகிரிக்கு மேல போகும்னா பாத்துக்கோங்க, அதுல விழுந்து தோல் வெந்து ஆஸ்பத்திரில சேர்றவங்க ஒவ்வொரு வருசமும் இருக்காங்க. அதனால எங்க வீட்டுல ஒரே ஒரு சட்டம், செருப்பு இல்லாம வாசப்படி தாண்டக் கூடாது. நம்ம ஊர்ல வெறுங்கால்ல தெரு முழுக்க ஓடித் திரிஞ்சவதான் நான், இத சொல்லும்போதெல்லாம் எனக்கே சிரிப்பு வரும்.

கார் இன்னொரு கதை. கார் சீட்டோட பெல்ட் கொக்கி மேல எப்பவும் ஒரு துண்டு போட்டு வைக்கணும், இல்லன்னா வயித்துல சூடு போட்ட மாதிரி ஆயிடும். பெரியவளோட கிரேயான் பாக்ஸ் ஒண்ணு பின் சீட்டுல உருகி எல்லாக் கலரும் ஒண்ணாகி ஒரு அடைக் கணக்கா உறைஞ்சு கிடந்தது, அந்தக் கறை இன்னும் போகல. எறங்கும்போது பின் சீட்ட ஒரு தடவை திரும்பிப் பாக்கறது இங்க எல்லாருக்கும் ஒரு அனிச்சை. பூட்டின காருக்குள்ள புள்ளையோ நாயோ மாட்டியிருந்தா, போலீஸுக்கு போன் பண்ணிட்டு, கண்ணாடிய ஒடச்சு எடுத்துட்டு, அவங்க வர்ற வரைக்கும் கூடவே நின்னா ஒடச்சவங்க மேல கேஸு போட முடியாதுன்னு 2017ல இந்த ஸ்டேட்ல சட்டமே போட்டுட்டாங்க.

எங்க மாமியார் கோவில்பட்டிலேர்ந்து ஒரு கோடைக்கு வந்திருந்தாங்க. கோடைக்கு வராதீங்க அத்தை, டிசம்பர்ல வாங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், "நான் பாக்காத வெயிலா தாயி"ன்னுட்டாங்க. வந்த மறுநாள் குளிக்கப் போய்ட்டு உள்ளேர்ந்து சத்தம், "ஏ தாயி, பச்சத்தண்ணி பைப்பு எதும்மா, ரெண்டும் சுடுதண்ணியா வருது!" ஜூலைல இங்க பச்சத்தண்ணின்னு ஒண்ணு குழாய்ல கிடையாது. மண்ணுக்குள்ள பைப்பே சூடாத்தான் கிடக்கும். புள்ளைங்கள நேரா ஷவர்ல நிறுத்த முடியாது, நான் கைய வச்சு வச்சுப் பாத்துட்டு நிப்பேன். அத்தை ஒரே நாள்ல அதுக்கு வழி கண்டுபிடிச்சாங்க, காலைலயே ரெண்டு பக்கெட் பிடிச்சு ஏசி ரூம் மூலைல வச்சுட்டாங்க, சாயங்காலம் குளு குளுன்னு இருந்துது, சொம்பால மோந்து ஊத்தி ரெண்டையும் குளிப்பாட்டிட்டாங்க. இப்பவும் அந்தப் பக்கெட் அங்கதான் இருக்கு.

வத்தல் வடாம் போடறதுக்கு இந்த ஊர அடிச்சுக்க ஆளே இல்லன்னு அவங்க தீர்ப்பு. காலைல கூழ் காய்ச்சிப் பின்கட்டுல வெள்ளைத் துணில புழிஞ்சா சாயங்காலத்துக்குள்ள சல்லுன்னு காய்ஞ்சிடும், காக்கா வேற கிடையாது. கொடில துணி காயப் போடத்தான் எங்க ஹெச்ஓஏ, அதாவது வீட்டுக்காரங்க சங்கம், விடாது, இவ்ளோ வெயில வச்சுக்கிட்டு கரண்ட் செலவு பண்ணி டிரையர்ல காய வைக்கற கொடுமைய எங்க போய்ச் சொல்றது. வடாம் விசயத்துல ஹெச்ஓஏ ரூல் புக்குல ஒண்ணும் எழுதல, நாங்களும் போய்க் கேக்கல.

தேளு விசயத்துலயும் அத்தைக்கு பயம் கிடையாது, கரிசக்காட்டுல பாக்காத தேளா. ஆனா இங்க இருக்கற பார்க் (bark, மரப்பட்டை) ஸ்கார்ப்பியன்ங்கறது வேற ஜாதி. மெலிசா, வைக்கோல் நிறத்துல, ரெண்டு மூணு இஞ்சுதான் இருக்கும், செவுத்துல ஏறும், கூரைல தலைகீழாத் தொங்கும். பெரியவங்களக் கொட்டினா பெரும்பாலும் வலியோட போயிடும், சின்னப் புள்ளைங்களுக்குத்தான் நரம்புல ஏறிக் கண்ணு சுழல ஆரம்பிச்சிடும், மூச்சு கூடத் திணறும். மெக்சிகோல கண்டுபிடிச்ச மருந்துக்கு 2011ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சுது, இப்ப இங்க பெரிய ஆஸ்பத்திரிகள்ல இருக்கு, அதனால மனசு கொஞ்சம் தேவல. இருந்தாலும் ஷூவ உதறாம போட மாட்டோம், தொட்டில செவுத்த விட்டுத் தள்ளித்தான் போட்டிருந்தோம், சில பேர் தொட்டில் கால் நாலையும் கண்ணாடி ஜாடிக்குள்ள வச்சிருப்பாங்க, வழுக்கற கண்ணாடில அதால ஏற முடியாது.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, தேளு மேல யூவி டார்ச் அடிச்சா பச்சையா மின்னும். அதனால கோடை ராத்திரில எங்க தெருப் புள்ளைங்களுக்கு அது ஒரு விளையாட்டு. இருட்டினதும் டார்ச்ச எடுத்துக்கிட்டு அப்பாவோட காம்பவுண்டு சுவர் ஓரமா மெதுவாப் போவாங்க, சிமெண்டுக் கல்லு இடுக்குல ஒரு பச்சைக் கோடு தெரியும், உத்துப் பாத்தா வால் வளைஞ்சு நிக்கும், டார்ச்ச அணைச்சா அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி செவுத்துக் கலர்ல கலந்துடும். நீளமான இடுக்கியால எடுத்து ஜாடில போடறது அப்பா வேலை, எண்றது பெரியவ வேலை, கத்தறது சின்னவன் வேலை. ஆச்சி, அதான் எங்க அத்தை, ஓரமா நின்னு "செருப்பால ஒரு போடு போடாம டார்ச் அடிச்சு வேடிக்கை காட்டுதான் பாரு"ன்னு தலைல அடிச்சுக்குவாங்க.

ஆனா வெயிலும் இல்ல, தேளும் இல்ல, எனக்கு இங்க உண்மையிலயே வயித்தக் கலக்கற விசயம் தண்ணிதான். வருசத்துக்கு 7 இஞ்சு, அதாவது 180 மில்லிமீட்டர் போல மழை பெய்யற ஊரு, 2015 டிசம்பர் 1 அன்னிக்கு சென்னைல ஒரே நாள்ல அதை விட அதிகமாப் பெஞ்சுது, அப்படிப்பட்ட ஊர்ல தெருவுக்குத் தெரு நிறைய வீட்டுல நீச்சல் குளம் இருக்கு. அமெரிக்காவுல ஒண்ணுலேர்ந்து நாலு வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்க சாவுக்கு முதல் காரணம் தண்ணில மூழ்கறதுதான். சினிமால காட்டற மாதிரி கைய கால அடிச்சுக் கத்திக் கூப்பிட்டெல்லாம் முழுகாது, சத்தமே இல்லாம போயிடும், பெரியவங்க பத்தடி தள்ளி உக்காந்து இட்லி சாப்பிட்டுட்டு இருக்கும்போதே போயிடும். ஆறு வயசுக்குக் கீழ புள்ளை இருக்கற வீட்டுல குளத்தச் சுத்தி அஞ்சடி வேலி இருக்கணும், கேட்டு தானாச் சாத்திக்கணும், தாழ்ப்பாள் புள்ளைக்கு எட்டாத உயரத்துல இருக்கணும், கேட்டு குளத்துப் பக்கம் திறக்காம வெளிப்பக்கமாத் திறக்கணும்னு ஸ்டேட் சட்டம் இருக்கு. கடைசி விசயம் சின்னதாத் தெரியும், ஆனா யோசிச்சுப் பாருங்க, புள்ள கேட்டுல சாஞ்சு தள்ளினா மூடத்தான் செய்யும், திறக்காது.

எங்க வீட்டுல குளம் இல்ல, அதுக்காகவே இல்லாத வீடாப் பாத்தோம். அதனால தப்பிச்சோம்னு அர்த்தம் இல்ல, பர்த்டே பார்ட்டின்னாலே பூல் பார்ட்டிதான். நம்மாளுங்க பார்ட்டில ஒரு பழக்கம் உண்டு, இருபது பெரியவங்க இருப்பாங்க, எல்லாரும் பாக்கறாங்கன்னு எல்லாரும் நினைச்சுட்டு இருப்பாங்க. இப்ப எங்க செட்டுல ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம், ஒரு கயித்துல விசில் கட்டி வச்சிருக்கோம், அது யார் கழுத்துல இருக்கோ அவங்க போனையும் தொடக் கூடாது பிளேட்டையும் தொடக் கூடாது, கால் மணிக்கு ஒரு தடவை அடுத்தவங்களுக்கு மாத்திவிடணும். ஆரம்பத்துல "ஓவரா இருக்கே"ன்னு ஒருத்தர் முனகினார். முனகட்டும். ஒரு வயசானதும் நீச்சல் க்ளாஸ்ல சேக்கலாம்னு இங்க குழந்தை டாக்டர்களே சொல்றாங்க. சின்னவன் அழுது அழுதே கத்துக்கிட்டான், விழுந்தா திரும்பி மல்லாக்க மிதக்கறது, அதுதான் முதல் பாடம், கை கால் அடிக்கறதெல்லாம் அப்புறம்தான்.

ஜூன் 15லேர்ந்து செப்டம்பர் 30 வரைக்கும் மான்சூன் சீசன்னு பேரு. ஒரு சாயங்காலம் எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறும், புழுதிப்புயல் எச்சரிக்கை. தெக்கால பாத்தா வானத்துக்கும் பூமிக்குமா காவிக் கலர்ல ஒரு சுவர் நகந்து வந்துட்டு இருக்கும், இதுக்கு இங்க ஹபூப்னு பேரு, வந்துச்சுன்னா எதிர் வீடு தெரியாது. கார்ல இருந்தா ரோட்ட விட்டு முழுசா ஒதுங்கி, லைட்டெல்லாம் அணைச்சு, பிரேக்லேர்ந்து கால எடுத்துட்டு உக்காரணும், லைட்டு எரிஞ்சா அதுதான் ரோடுன்னு நினைச்சுப் பின்னாடி வர்றவன் வந்து இடிச்சிடுவான். இந்தப் புழுதில வேலி (valley) ஃபீவர்னு ஒரு பூஞ்சைக் காய்ச்சல் வேற இருக்கு, மண்ணுல இருக்கறது காத்துல கிளம்பி நுரையீரலுக்குள்ள போயிடும், நாள் கணக்கா இருமல் நிக்கலன்னா டாக்டர்கிட்ட அதையும் டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேளுங்க, வேற ஊர்லேர்ந்து வந்த டாக்டருக்கு சட்டுன்னு தோணாது.

புழுதி போன பின்னாடி சில நாள் மழை வரும், பல நாள் வராது. வர்றதுக்கு முன்னாடியே வாசனை வந்துடும், க்ரியோசோட்னு ஒரு செடி, அதோட இலை ஈரமாச்சுன்னா ஒரு மருந்து வாடை அடிக்கும், பெரியவ அதத்தான் மழை வாசனைன்னு சொல்லுவா. நான் எங்க ஊரு மண்வாசனையப் பத்தி அவகிட்ட சொல்லிப் பாத்தேன், "மண்ணு எப்பிடிம்மா ஸ்மெல் பண்ணும்"னு கேட்டா, விட்டுட்டேன். மழை பேஞ்சா தெருவுல எல்லாக் கதவும் திறக்கும், பெரியவங்க உட்பட அத்தனை பேரும் வெளிய வந்து நனைவாங்க, சளி பிடிக்கும்னு ஒருத்தர் சொல்ல மாட்டாங்க. இங்க பார்க்கெல்லாம் தெருவ விடப் பள்ளமாத்தான் வெட்டியிருப்பாங்க, மழைத் தண்ணி தெருவுல நிக்காம அங்க போய்ச் சேரட்டும்னு. ஒரு மணி நேர மழைல பார்க்கு குளமாயிடும். அன்னிக்கு ராத்திரி ஆட்டுக்குட்டி கத்தற மாதிரி சத்தம் வரும். அது தவளை. ஸ்பேட்ஃபுட்னு பேரு, வருசம் முழுக்க மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்துட்டு மழைச் சத்தம் கேட்டு மேல வரும், தண்ணி வத்தறதுக்குள்ள முட்டை போட்டு, தலைப்பிரட்டை தவளையாகி எல்லாம் முடிஞ்சாகணும், அதுக்கு ஒம்பது பத்து நாளே போதும். பெரியவ கிளாஸ்ல சயின்ஸ் புக்குல தவளை வளர மாசக் கணக்காகும்னு போட்டிருந்ததுக்கு "எங்க பார்க் தவளை ஃபாஸ்ட்டு"ன்னு டீச்சர்கிட்ட சண்டை போட்டுட்டு வந்தா.

ஸ்கூல் காலண்டரும் தலைகீழ்தான். ஜூலை மூணாவது வாரத்திலேயே ஸ்கூல் திறந்துடும், எப்படியும் வெளிய போக முடியாதுன்னா ஏசி கிளாஸ்ல உக்காரட்டுமேன்னுதான் நான் எடுத்துக்கிட்டேன். அதுக்குப் பதிலா அக்டோபர்ல ரெண்டு வாரம் லீவு. கடியாரத்தையும் மத்த ஸ்டேட் மாதிரி வருசத்துக்கு ரெண்டு தடவை மாத்த மாட்டாங்க, சாயங்காலம் இன்னும் ஒரு மணி நேரம் வெயிலு யாருக்கு வேணும். எனக்கு அதுல ஒரு வசதி, இந்தியாவுக்கும் எங்களுக்கும் வருசம் முழுக்கப் பன்னெண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். இங்க காலை ஏழுன்னா ஆச்சிக்கு ராத்திரி ஏழரை. பெரியவ கடியாரம் பாக்கக் கத்துக்கிட்டதே இதுலதான், "ராத்திரியாக்கி அரை மணி கூட்டு"ம்பா.

அடிக்கடி மனசுல ஓடற ஒண்ணு இருக்கு. இங்க குழாயத் திறந்தா எப்பவும் தண்ணி வரும். நான் வளந்த கோவில்பட்டில தாமிரபரணித் தண்ணி குழாய்ல எப்ப வரும்னு குடத்தோட காத்துக் கிடந்திருக்கோம், இங்க கொலராடோ ஆத்துலேர்ந்து 336 மைலுக்குக் கால்வாய் வெட்டி, மலை மேல பம்பு பண்ணி ஏத்திக் கொண்டு வர்றாங்க, 1973ல ஆரம்பிச்ச வேலை முடிய இருபது வருசம் ஆச்சு. புள்ளைங்களுக்கு அது தெரியாது, ஸ்ப்ளாஷ் பேட்ல பட்டன அமுக்கினா தண்ணி பீச்சி அடிக்கும், அவ்ளோதான் தெரியும். மாரிகோபால இருக்கற மகா கணபதி கோவிலுக்குப் போற வழியில வயல் வரும், பினால் கவுண்டி விவசாயிங்களுக்கு 2022லேர்ந்து அந்தக் கால்வாய்த் தண்ணியப் பெரும்பாலும் நிறுத்திட்டாங்க, ஆத்துல தண்ணி குறைஞ்சுபோச்சுன்னு. தரிசாக் கிடக்கற நிலத்தக் காட்டி ஆச்சி "என்ன வெதச்சிருப்பான்"னு கேட்டாங்க. பருத்தின்னு சொன்னதும் ஒண்ணும் பேசல, அவங்க வீட்டுலயும் பருத்திதான்.

இப்ப அக்டோபர் லீவு வந்துடுச்சு. மூணு மாசமா வீட்டுக்குள்ள சோபால குதிச்சுக் குதிச்சு அதோட ஸ்பிரிங்க ஒடச்சதுங்க, கடைசில வெளிய போற காலம் வந்துச்சுன்னு ஆசையா பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனா, புல்லச் சுத்தி கயிறு கட்டி போர்டு மாட்டியிருக்கான் ஹெச்ஓஏ. கோடைப் புல்ல ஒட்ட வெட்டிட்டு குளிர்காலப் புல்லு விதைக்கறாங்களாம், முளைச்சு வர்ற வரைக்கும் யாரும் கால் வைக்கக் கூடாதாம். வருசத்துலயே மதியம் ரெண்டு மணிக்கு வெளிய உக்காரக்கூடிய முதல் வாரம் பாத்து இத பண்றாங்க, ஒவ்வொரு வருசமும். மீட்டிங்ல கேட்டா விதை அப்பதான் முளைக்கும்கறாங்க. அதனால நாளைக்கு கில்பர்ட்ல இருக்கற ரைபேரியன் ப்ரிசர்வுக்குப் போறதா ஏற்பாடு, சுத்திகரிச்ச கழிவுத்தண்ணிய விட்டு நிலத்துல இறக்கறதுக்குன்னு வெட்டின குளங்க, இப்ப அதுல கொக்கும் நாரையும் வாத்தும் வந்து இறங்குது. தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கறேன், யாராச்சும் வர்றதா இருந்தா சொல்லுங்க, நூலகத்துப் பக்கம் பார்க்கிங்ல மீட் பண்ணலாம், பத்து மணிக்கே வந்தாப் போதும்.